தேடினால் கிடைக்க, கிடைத்தால் படிக்க: தமிழில் இணையக் கட்டுரையை அமைக்கும் விதம்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் சந்திக்கும் முனையில் 1982இல் ஒரு புதிய சந்தைக் கட்டடம் திறந்தார்கள். எதிர்ப்புறம் இருந்த பழைய சந்தையின் கடைகள் அங்கே குடியேறின. பலகையில் 'ஜூஜியாவ்' என்று எழுதியிருந்தது. தேக்கா என்று நாம் சொல்லும் ஹொக்கியென் பெயரின் அதே சீன எழுத்துகளை மாண்டரினில் வாசித்தால் வருகிற ஒலி அது. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், மூங்கிலின் அடி. ஆனால் ஆட்டிறைச்சி வாங்கப் போனவர் தேக்காவுக்குத்தான் போனார். முருங்கைக்காய் வாங்கப் போனவரும் தேக்காவுக்குத்தான் போனார். டாக்சிக்காரரிடம் சொன்னதும் அதே பெயர்தான். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2000இல், பலகை மக்களிடம் தோற்றது. இப்போது அங்கே 'தேக்கா நிலையம்' என்றுதான் இருக்கிறது.

இணையத்துக்கு எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்லும் கதை இது. தேடுபொறியின் கட்டத்தில் மக்கள் தட்டுவது தேக்காவை. நாம் எழுதி வைப்பதோ பல நேரம் ஜூஜியாவை.

சமூக அமைப்புகளுக்கும் சிறு வணிகங்களுக்கும் தமிழ்ப் பக்கங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. சின்னச் சின்னப் பத்தி, நிறைய உள்தலைப்பு, புள்ளி போட்ட பட்டியல், தலைப்பில் திறவுச்சொல் (மக்கள் தேடும்போது தட்டும் முக்கியச் சொல்) என்று ஆங்கிலத்தில் ஆலோசனைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. நம்மவர்கள் அதை அப்படியே தூக்கிவந்து தமிழுக்கு மாட்டிவிடுகிறார்கள். பாதி பொருந்துகிறது. மீதிப் பாதி ஏன் பொருந்துவதில்லை என்பதற்கான காரணம் தமிழின் உடம்பிலேயே இருக்கிறது. வினைமுற்று கடைசியில் வரும், பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்று உருமாறும், பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. கட்டுரையை அமைப்பது என்பது இவற்றோடு மல்லுக்கட்டாமல் இவற்றுக்கு ஏற்ப நடந்துகொள்வதுதான்.

(இந்தக் கட்டுரைக்கே முதலில் 'தேக்காவும் தேடுபொறியும்' என்று பெயர் வைத்திருந்தேன். காதுக்கு நன்றாக இருந்தது. ஆனால் யாரும் அப்படித் தேட மாட்டார்கள், தேடி வந்தாலும் சந்தைக்கு வழி கேட்டு வந்தவராகத்தான் இருப்பார். மாற்றிவிட்டேன்.)

இயந்திரம் பார்ப்பது எதை?

தேடுபொறிக்குக் கண் இல்லை. அதன் நிரல் ஒன்று இணைப்பு இணைப்பாகத் தாவி, பக்கங்களின் எழுத்துகளை அள்ளிக்கொண்டு வருகிறது. அள்ளியதை வைத்து, புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதுபோல ஒரு மாபெரும் அடைவைச் செய்துவைக்கிறது. நீங்கள் தேடும்போது அந்த அடைவிலிருந்து எடுத்துத்தான் வரிசைப்படுத்தித் தருகிறது. அதனால் எழுத்தாக இல்லாத எதுவும் அதற்குப் பாதி இருட்டு.

எழுத்திலும் எது தலைப்பு, எது பத்தி என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இணையப் பக்கங்களை வடிவமைக்கும் எச்டிஎம்எல் மொழியில் எச்1 முதல் எச்6 வரை ஆறு தலைப்பு நிலைகள் உள்ளன. டிம் பெர்னர்ஸ் லீ வையவிரிவு வலையை உருவாக்கிய தொடக்க நாள்களிலிருந்தே இவை உண்டு. நடைமுறையில் நான் காண்பது வேறு. ஒரு வரியைத் தேர்ந்தெடுப்பார்கள், தடித்த எழுத்தாக்குவார்கள், அளவை 18க்கு ஏற்றுவார்கள், முடிந்தது. கண்ணுக்கு அது தலைப்பு. இயந்திரத்துக்கு அது கொஞ்சம் சத்தமாகப் பேசும் இன்னொரு பத்தி. எழுதும் செயலியிலேயே 'தலைப்பு 2', 'தலைப்பு 3' என்ற பாணிகள் இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சொடுக்குதான் வேண்டும்.

அந்தச் சொடுக்கின் பயன் தேடுபொறியோடு நிற்பதில்லை. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் உதவியோடு பக்கத்தைக் கேட்கிறார்கள். முழுப் பக்கத்தையும் வரி வரியாகக் கேட்க யாருக்குப் பொறுமை? தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவி, வேண்டிய இடத்தில் நின்று கேட்பதுதான் வழக்கம். தலைப்பெல்லாம் வெறும் தடித்த எழுத்தாக இருந்தால் தாவுவதற்குப் படியே இல்லாமல் போகிறது. எச்2க்கு அடுத்து எச்4 வந்தால் தேடலில் தரம் குறையுமா என்று கேட்கிறார்கள். கூகல் தன் வழிகாட்டியில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது: வரிசை தப்பினாலும் தேடலுக்கு அதனால் பாதகமில்லை, ஆனால் திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கு ஒழுங்கான வரிசை நல்லது. அந்த ஒரு காரணம் போதும் எனக்கு.

இன்னும் இரண்டு கட்டுக்கதைகளை இங்கேயே தீர்த்துவிடலாம். பக்கத்தின் உள்ளே ஒளித்துவைக்கும் திறவுச்சொல் பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகல் 2009இலேயே அறிவித்துவிட்டது. இன்றும் நாற்பது சொற்களை அதில் போட்டுத் தருகிறவர்களைப் பார்க்கிறேன். அடுத்தது, கட்டுரை இத்தனை சொல் இருந்தால்தான் மேலே வரும் என்பது. அப்படி எந்தக் குறைந்தபட்சக் கணக்கும் கிடையாது.

இயந்திரத்தின் கண்ணுக்குத் தமிழ் தெரியவே தெரியாத ஒரு காலமும் இருந்தது, அதை முடித்துவைத்ததில் இந்த ஊருக்குப் பங்குண்டு. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிய திட்டத்தில் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவர் நா. கோவிந்தசாமி. 1997 மே மாதம் முதல் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் கூடியது. 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானதும் இங்கு நடந்த மாநாட்டில்தான். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. ஒருவர் எழுதியது இன்னொருவர் திரையில் கோழி கிறுக்கியதுபோல இருக்கும். தேடுபொறி அந்தக் கிறுக்கலைத்தான் அள்ளிப்போகும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தாலும், அது வீட்டுக் கணினிக்கு வந்து சேரப் பத்தாண்டு பிடித்தது.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். பழைய எழுத்துருவில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கிய தமிழ் ஆவணங்கள் இன்னமும் புதிதாகப் பிறந்துகொண்டிருக்கின்றன. திரையில் அழகாகத் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், கிறுக்கல் வந்தால் தேடுபொறிக்கும் அதுதான் போகிறது.

கண் எங்கே நிற்கிறது, வினை எங்கே வருகிறது

இணையத்தை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த யாக்கோப் நீல்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் எல்லாரும் சொல்வது. அவர் சோதித்தவர்களில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்தார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 விழுக்காட்டினர்தான். 2006இல் அவருடைய குழு 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்தபோது பார்வை ஆங்கில எஃப் எழுத்தின் வடிவில் போவது தெரிந்தது. மேலே இரண்டு குறுக்குக் கோடு, பிறகு இடது ஓரமாக நேரே கீழே. இடது ஓரத்து முதல் இரண்டு சொற்களே பெரும்பாலான வரிகளுக்குக் கிடைக்கும் கவனம்.

ஆங்கிலத்துக்கு இது அவ்வளவு பெரிய ஆபத்தில்லை. அந்த மொழியில் எழுவாய்க்குப் பின்னாலேயே வினை வந்துவிடும், 'வேண்டாம்' என்பது முதல் நாலைந்து சொல்லுக்குள் தெரிந்துவிடும். தமிழில்? வாக்கியத்தின் தீர்ப்பு கடைசிச் சொல்லில் இருக்கிறது. செய்தானா செய்யவில்லையா, வேண்டுமா வேண்டியதில்லையா என்பதெல்லாம் வலது கோடியில், பல வேளை மூன்றாவது நான்காவது வரியின் முடிவில்.

சொந்த அனுபவம் ஒன்று. வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் ஒரு குழு பெற்றோருக்கு இப்படி ஓர் அறிவிப்பை இணையத்தில் போட்டது. நான்தான் சரிபார்த்தேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை என்று அனுப்பியும் விட்டேன்:

'சென்ற ஆண்டு படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்த பெற்றோர், பிள்ளையின் வகுப்போ முகவரியோ மாறியிருந்தாலொழிய, இவ்வாண்டுக்கான புதிய படிவத்தை மீண்டும் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டியதில்லை.'

கைத்தொலைபேசியில் இது ஏழு வரியாக உடைந்தது. 'படிவத்தைப் பூர்த்தி', 'இவ்வாண்டுக்கான புதிய', 'மீண்டும் பூர்த்தி' என்று இடது ஓரத்தில் வரிசையாக நின்ற சொற்கள் எல்லாம் ஒரே குரலில் 'படிவம் கொடு' என்றன. 'வேண்டியதில்லை' மட்டும் கடைசி வரியில் தனியாகத் தொங்கியது. அந்த வாரம் பெற்றோர்கள் வரிசை கட்டிப் படிவம் கொடுத்தார்கள், சிலர் இரண்டு முறை. வாங்கிப் போட்ட தன்னார்வலர் ஒருவர் என்னிடம், "அண்ணே, இனிமே 'வேண்டாம்'ங்கிறத முதல்ல போடுங்க" என்றார். நான் படித்த எல்லா வழிகாட்டிகளையும்விட அந்த ஒரு வரி உதவியிருக்கிறது.

மாற்றி எழுதியது இது. மேலே ஓர் உள்தலைப்பு: 'யார் புதிய படிவம் கொடுக்க வேண்டும்?' கீழே: 'சென்ற ஆண்டு கொடுத்தவர்கள் மறுபடி கொடுக்க வேண்டாம். பிள்ளையின் வகுப்போ முகவரியோ மாறியிருந்தால் மட்டும் புதிய படிவம் தேவை.' நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைத்ததும் வினைமுற்று இரண்டு முறை வந்துவிடுகிறது. தமிழில் சிறு வாக்கியத்தின் உண்மையான பலம் அதுதான்: தீர்ப்பு சீக்கிரம் வருகிறது. உள்தலைப்பைக் கேள்வியாக வைத்ததிலும் காரணம் உண்டு. பெற்றோர் தேடுகட்டத்தில் தட்டுவதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

இதை எங்கும் எப்போதும் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கதையிலும் நினைவுக் குறிப்பிலும் நீண்ட வாக்கியம் தன் இன்பத்தைத் தரும், வினைக்காகக் காத்திருப்பதே சுகம். ஆனால் ஒரு தகவலுக்காக வந்தவர் காத்திருக்க மாட்டார். அவர் யாரென்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர், ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காட்டினர். இங்கே தமிழ்ப் பக்கத்தைத் திறக்கும் இளையர் ஒருவர் ஆங்கிலத்தைவிட மெதுவாகத்தான் தமிழ் படிப்பார். பெருவிரைவு ரயிலில் நின்றுகொண்டு, ஒரு கையில் கம்பி, மறு கையில் தொலைபேசி. வாட்ஸ்அப்பில் அத்தை அனுப்பிய இணைப்பாக இருக்கும்.

எழுத்தின் உடல்

தமிழ்ப் பக்கத்துக்கு அமைப்பு என்பதே ஒப்பளவில் புதிய பழக்கம். ஓலைச்சுவடியில் சொல்லுக்கிடையே இடைவெளி இருக்காது, பத்தி இருக்காது, மெய்க்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் இருக்காது. படிக்கத் தெரிந்தவர் பதம் பிரித்துப் படித்துக்கொள்வார். அச்சு வந்த பிறகே காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் உரைநடையில் நிலைபெற்றன, அதில் ஆறுமுக நாவலரின் பங்கை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். வாசகருக்காகப் பக்கத்தைத் திறந்துவிடும் அதே வேலையின் அடுத்த கட்டத்தைத்தான் இப்போது நாம் திரையில் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆங்கிலத்தில் தலைப்பைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டலாம், நூல் பெயரைச் சாய்வெழுத்தில் காட்டலாம், ஆள் பெயர் ஊர்ப்பெயர் முதலெழுத்திலேயே தெரிந்துவிடும். நமக்கு இந்த மூன்றும் இல்லை. சாய்வெழுத்து தமிழ் மரபில் கிடையாது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்ந்த வடிவம் வரையப்படவே இல்லை, உலாவி நேரான எழுத்தைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். காற்றில் சாய்ந்த பந்தல்போல இருக்கும். தடித்த எழுத்திலும் அதே கதை. எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது உலாவி தானே கோடுகளைத் தடிப்பாக்கும். 'ண', 'ணை' போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டு மைத்துளி ஆகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் போல, தடித்த வடிவத்தைத் தனியாக வரைந்து வைத்திருக்கும் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே நம்மிடம் மிஞ்சுவது அளவு, தடிப்பு, வெற்றிடம் ஆகிய மூன்றுதான். மூன்றிலும் நான் வெற்றிடத்தின் கட்சி. உள்தலைப்புக்கு மேலே நிறைய இடம், கீழே கொஞ்சம் இடம் விட்டால் அது எந்தப் பத்திக்குச் சொந்தம் என்பது கண்ணுக்குத் தானாகத் தெரியும். பலர் மேலும் கீழும் ஒரே அளவு இடம் விடுகிறார்கள், தலைப்பு நடுத்தெருவில் நிற்கிறது.

வரிக்கு வரி இடைவெளியும் ஆங்கிலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். 'கீ' என்பதன் சுழி மேலே ஏறும், 'ளு', 'கூ' என்பவற்றின் வால் கீழே இறங்கும், புள்ளி தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். நெருக்கமான வரியில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். இணைய உள்ளடக்கத்தை எல்லாரும் அணுகுவதற்கான உலக வழிகாட்டி, எழுத்து உயரத்தைப்போல 1.5 மடங்கு வரி இடைவெளியைத் தன் மிக உயர்ந்த நிலையில் கேட்கிறது. தமிழுக்கு 1.6, 1.7 வைத்தாலும் எனக்குச் சம்மதமே. பின்னணிக்கும் எழுத்துக்கும் நிற வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது என்பது அதே வழிகாட்டியின் இன்னொரு விதி. வெளிர்சாம்பல் எழுத்து நாகரிகமாக இருக்கலாம், நண்பகல் வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று படிப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு ஓரத்தையும் சமன்செய்து அடுக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 'விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான்' என்பது 24 எழுத்து, ஒரே சொல். தொலைபேசித் திரையில் அது அடுத்த வரிக்குத் தாவும்போது முந்தைய வரியில் மிஞ்சிய இரண்டு சொற்கள் இரண்டு கரைகளிலும் ஒதுங்கி நிற்கும், நடுவே காலாங் ஆறு ஓடும். இடது ஓரம் மட்டும் நேராக, வலது ஓரம் தன்போக்கில் இருக்கட்டும். அப்படி ஒரு சொல் வந்ததே ஏன் என்றும் யோசிக்கலாம். 'விண்ணப்பிக்கிறவர்களுக்கே' என்றால் குடி முழுகாது.

பத்தி எவ்வளவு நீளம்? ஒரு வாக்கியம், ஒரு பத்தி என்று துண்டு துண்டாக வெட்டிப்போடுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லாமே தனித்தனியாக நின்றால் எதுவும் எதனோடும் சேராது, வாசகர்தான் கோத்துக்கொள்ள வேண்டும். தொலைபேசித் திரையின் பாதியைத் தாண்டாத பத்தி என்பது என் கைக்கணக்கு. புள்ளிப் பட்டியலும் அப்படித்தான். கொண்டுவர வேண்டிய ஆவணங்கள், பேருந்து எண்கள் என்றால் பட்டியல் போடுங்கள். காரணத்தையும் விளைவையும் பட்டியலில் போட்டால் 'அதனால்', 'இருந்தாலும்' எல்லாம் உதிர்ந்துபோய் வெறும் எலும்பு மிஞ்சுகிறது.

எந்தத் தேக்கா?

இனி சொல். இங்கேதான் தமிழுக்குச் சிக்கல் அதிகம், ஆலோசனை சொல்பவர்கள் குறைவு.

வீடு என்று ஒருவர் தேடுகிறார். கட்டுரையில் இருப்பதோ வீட்டை, வீட்டுக்கு, வீட்டில், வீடுகளின். ஆங்கிலத்தில் ஒருமை பன்மையைத் தேடுபொறி எப்போதோ பழகிவிட்டது. தமிழில் ஒரு பெயர்ச்சொல் எட்டு வேற்றுமையும் பன்மையும் 'உம்'மும் 'தான்'உம் சேர்ந்து பல பத்து உருவம் எடுக்கும். தேடுபொறிகள் முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்றாலும், எல்லா உருவத்தையும் அவை ஒன்றாகப் பார்க்கும் என்று நம்பி நான் எழுதுவதில்லை. முக்கியமான சொல்லை அதன் மூல வடிவத்தில் தலைப்பில் ஒரு முறை, முதல் பத்தியில் ஒரு முறை, ஏதாவது ஓர் உள்தலைப்பில் ஒரு முறை வைத்துவிடுவேன். உள்தலைப்பில் 'வீவக வீடு: யாருக்குத் தகுதி?' (வீவக என்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) என்று எழுதுவதில் செயற்கை எதுவும் இல்லை. பத்திக்குள் சொல் தன் விருப்பம்போல உருமாறிக்கொள்ளட்டும்.

அடுத்தது, அதிகாரபூர்வச் சொல்லும் வாய்ச்சொல்லும். இந்த ஊரில் நமக்கு அழகான கலைச்சொற்கள் இருக்கின்றன: மத்திய சேம நிதி, வாகன உரிமைச் சான்றிதழ், பெருவிரைவு ரயில், உணவங்காடி நிலையம். செய்தியிலும் அரசாங்க அறிவிப்பிலும் இவைதான் வரும், வர வேண்டும். வீட்டில் நாம் பேசும்போது மட்டும் அது சிபிஎஃப், சிஓஇ, எம்ஆர்டி. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவருக்கு 'உணவங்காடி' என்றால் பல நாள் விளங்காது. யார் பக்கம் நிற்பது? இரண்டு பக்கமும்தான். தலைப்பில் கலைச்சொல், முதல் பத்தியிலேயே 'சிபிஎஃப் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் மத்திய சேம நிதியில்' என்று ஓர் அறிமுகம். படிக்கிறவருக்கும் விளக்கம், தேடுகிறவருக்கும் கதவு. தேக்காவையும் ஜூஜியாவையும் ஒரே பலகையில் எழுதியிருந்தால் 1982இலேயே சண்டை முடிந்திருக்கும்.

சொல்லை மறுபடி மறுபடி திணிப்பது மட்டும் வேண்டாம். 'சிங்கப்பூர் தைப்பூசம் பற்றிய சிங்கப்பூர் தைப்பூசத் தகவல்கள்' என்று எழுதிக் கொண்டுவந்தார் ஒருவர், யாரோ பயிற்சி வகுப்பில் சொன்னார்களாம். பவணந்தி முனிவர் நன்னூலில் பத்துக் குற்றங்களை வரிசைப்படுத்தும்போது 'கூறியது கூறல்' என்பதை மூன்றாவதாக வைத்தார். கூகலும் சொற்களைத் திணிப்பதைத் தன் குற்றப்பட்டியலில் வைத்திருக்கிறது. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு இடைவெளியில் இருவரும் ஒத்துப்போகிற அபூர்வமான இடம்.

கண்ணுக்கே தெரியாத வேறுபாடுகளும் உண்டு. கோயில் பெயர்களில் வரும் 'ஸ்ரீ'யை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்ற வரிசையிலும் அடிக்கலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' என்ற எழுத்தை முதலில் வைத்தும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் அச்சு அசலாக ஒன்றுபோல் நிற்கும், கணினிக்கு இரண்டும் வேறு சொல். ஒரு கோயிலைப் பற்றிய நீண்ட பக்கத்தில் பெயரைத் தேடிப் பார்த்தபோது ஒரு இடத்தில்கூட இல்லை என்றது உலாவி. பக்கத்தின் உச்சியிலேயே பெயர் பெரிதாக இருந்தது. அரை மணி நேரம் என் கண்ணைத்தான் சந்தேகித்தேன். 'ஔ' என்ற ஓரெழுத்தை 'ஒ'வும் 'ள'வுமாக அடிப்பவர்கள் ஔவையாரை இப்படித்தான் தொலைக்கிறார்கள். ஒரு தளத்தில் எழுதும் எல்லாரும் ஒரே விசைப்பலகையில் அடித்தால் பாதி தீரும். மீதிக்கு, வெளியிடும் முன் முக்கியமான பெயரைப் பக்கத்துக்குள் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

முகவரி, படம், இணைப்பு

பக்கத்தின் முகவரியில் தமிழ் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், வேலை செய்யும். ஆனால் 'சிங்கப்பூர்' நம் கண்ணுக்கு ஆறெழுத்து, யூனிகோடில் பதினொரு குறியீடு. ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு, முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டுக்கும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று குறிகள். ஆக மொத்தம் 99 குறி, ஊர்ப்பெயருக்கு மட்டும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பாம்புபோல நீண்டு கிடக்கும், மூத்தவர்கள் மோசடி இணைப்பென்று நினைத்துத் தொடவே மாட்டார்கள். இந்த ஊரில் மோசடி பற்றிய எச்சரிக்கை தினமும் காதில் விழுகிற நிலையில் அவர்கள் பயப்படுவது சரிதான். அதனால் முகவரியை மட்டும் சுருக்கமான ஆங்கில எழுத்தில் வைப்பதே நல்லது என்பேன்.

படத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையே உண்டு. தமிழ் மொழி விழா நடக்கும் ஏப்ரல் மாதத்தில் ஊரெங்கும் நிகழ்ச்சிகள். அறிவிப்புகள் பெரும்பாலும் சுவரொட்டிப் படங்களாக வருகின்றன. தேதி, இடம், பேச்சாளர் பெயர் எல்லாமே படத்துக்குள். இணையத்தளத்திலும் அதே படத்தை ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். ஒருமுறை ஒரு கவியரங்கத்துக்கு நேரம் தேடி, கிடைக்காமல், குத்துமதிப்பாகப் போய்ச் சேர்ந்தபோது நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே நான்கு வரி எழுத்தாகப் போட்டிருந்தால் போதும். படத்தைப் பார்க்க முடியாதவருக்காக உள்ள மாற்று உரை என்ற கட்டத்திலும் 'சுவரொட்டி' என்று எழுதாமல், அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத வேண்டும்.

இணைப்புச் சொல்லுக்கும் இதே நியாயம். 'இங்கே அழுத்தவும்' என்பது எங்கே கொண்டுபோகும் என்று இயந்திரத்துக்கும் தெரியாது, திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பவருக்கும் தெரியாது. 'சாலை மூடல் நேரங்கள்' என்று பெயர் சொல்லி இணையுங்கள்.

பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பதும் பலர் மறப்பது. அந்த ஒரு குறிப்பு இல்லாவிட்டால், சில திரைவாசிப்பான்கள் ஆங்கிலக் குரலிலேயே தமிழைப் படிக்க முயன்று தடுமாறும்.

கடைசியாக, தைப்பூசப் பக்கம். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் நடக்கும் 3 கிலோமீட்டர் சொச்சம் பாதையைப் பற்றி, ஒரு குழுவுக்காக ஆண்டுதோறும் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். ஒவ்வோர் ஆண்டும் புதுப் பக்கம், புது முகவரி. விளைவு, தேடுகிறவருக்கு நான்கு பக்கங்கள் கிடைத்தன, மேலே நின்றதோ மூன்றாண்டுக்கு முந்தையது, அதில் சாலை மூடல் நேரம் வேறு. பழைய பக்கத்துக்குத்தான் வெளியிலிருந்து நிறைய இணைப்புகள் வந்து சேர்ந்திருந்தன, இயந்திரத்துக்கு அது மரியாதைப்பட்ட பக்கம். இப்போது ஒரே முகவரிதான். அதில் ஆண்டு எண் கிடையாது. பழைய மூன்று முகவரிகளையும் அதற்கே திருப்பிவிட்டோம். பாதை, பால்குடம், காவடி பற்றிய பத்திகள் அப்படியே இருக்கும். தலைப்பில் ஆண்டையும், மேலே முதல் உள்தலைப்புக்குக் கீழே உள்ள நேரங்களையும் மட்டும் தை பிறப்பதற்கு முன் ஒருவர் உட்கார்ந்து மாற்றிவிடுவார். 'கடைசியாகத் திருத்திய நாள்' என்று ஒரு வரியும் சேர்ப்பார். அரை மணி நேர வேலை, தேநீர் இடைவேளையோடு சேர்த்து.